பிறர் இல்லத் தெரிவில் நம் வாக்கு

அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாழும் என் தம்பி மகள், 2024 ஜனவரியில் தொலைபேசியில் ஒரு வினா எழுப்பினாள். அந்நாட்டில் கட்சிகள் தம் வேட்பாளரைத் தலைமையகத்தில் நேர்காணல் நடத்தி முடிவு செய்வதில்லை. பொதுத்தேர்தலுக்கு முன்பே முதனிலைத் தேர்தல் ஒன்றை வைத்து, வாக்காளரையே தெரிவு செய்யச் சொல்கின்றன. அவளுடைய மாநிலத்தில், எக்கட்சியையும் சாராதவர் எனப் பதிவு செய்தோர் அன்றைய தினம் ஏதேனும் ஒரு கட்சியின் வாக்குச் சீட்டைக் கேட்டுப் பெறலாம். குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி அம்மையார், இத்தகையோரின் ஆதரவையே பெரிதும் நாடினார். என் மருமகளோ நவம்பரில் எதிர்க்கட்சிக்கே வாக்களிக்க எண்ணியிருந்தவள்.

"அத்தை, சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மனம் உறுத்துகிறது. பிறர் வீட்டுப் பெண்ணுக்கு நான் போய் மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்றாள்.

நான் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் நமக்கு இப்படியொரு வாசல் இல்லை. இங்கே விருப்ப மனு, அதற்கொரு கட்டணம், பிறகு நேர்காணல். முடிவு மேலிடத்திலிருந்து வரும். நம் தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரியில் 70 வார்டுகளுக்கும் நாம் வாக்களித்தோம். மேயரையோ மார்ச் 4 அன்று மாமன்ற உறுப்பினர்களே தெரிவு செய்தனர். அதே நாளில் கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் நகராட்சியில், கூட்டணித் தலைமை விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு ஒதுக்கியிருந்த தலைவர் பதவிக்குத் தி.மு.க. உறுப்பினர் ஒருவரே போட்டியிட்டு வென்றார். அவ்வாறு வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கேட்டுக்கொண்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். கட்சிக் கட்டு ஒருபுறம், இரகசிய வாக்கு மறுபுறம். இரண்டிற்கும் இடையே மனிதர் எவ்வாறு நடக்கிறார் என்பதே நம் ஆராய்ச்சி.

இவ்வினா நம் நாட்டில் பெரிதாக எழுந்த ஆண்டு 1969. அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவி. வாக்குரிமை வயது 21 ஆதலால் எனக்கு வாக்கில்லை. கருத்துக்கு மட்டும் குறைவில்லை. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மே மாதம் காலமானார். காங்கிரசின் வேட்பாளராக நீலம் சஞ்சீவ ரெட்டி நிறுத்தப்பட்டார். அவருடைய வேட்பு மனுவில் முன்மொழிந்து கையொப்பமிட்டவர் பிரதமர் இந்திரா காந்தியே. பின்னர் அவரே, உறுப்பினர்கள் தத்தம் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். அவ்வேண்டுகோள் சுயேச்சையாக நின்ற வி.வி.கிரிக்குத் துணையாயிற்று. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவும் வாளா இருக்கவில்லை. சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் ஆகியவற்றின் இரண்டாவது விருப்ப வாக்குகளை ரெட்டிக்காக நாடினார். ஆக, இரு சாராரும் அயல் வீட்டுக் கதவைத் தட்டினர். ஆகஸ்டு 20 அன்று நடந்த எண்ணிக்கையில், முதல் விருப்பத்தில் எவரும் பெரும்பான்மை பெறவில்லை. இரண்டாவது விருப்பங்களையும் சேர்த்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்ற வாக்கு மதிப்பில் முடிவு வந்தது. நவம்பருக்குள் காங்கிரசே இரண்டாயிற்று.

எங்கள் விடுதியில் அன்று மனசாட்சி என்ற சொல் படாத பாடு பட்டது. இரவில் விளக்கை அணைக்க மறுத்தவள்கூட மனசாட்சியைத்தான் துணைக்கு அழைத்தாள். நான் கிரியின் பக்கம் நின்று வாதிட்டேன். குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கொறடாவின் ஆணை இன்றும் இல்லை. எனவே அயற்கட்சி வேட்பாளருக்கு வாக்களித்ததைக் குற்றம் என்று இப்பொழுதும் சொல்ல மாட்டேன். என்னை உறுத்துவது அந்தக் கையொப்பம். மனம் ஒப்பாத பெயரை முன்மொழியாதிருந்திருக்கலாம். முன்மொழிந்தபின் மனம் மாறியிருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று நியாசாபஹாரம். ஒருவர் நம்மிடம் பத்துப் பொன்னை நம்பி வைத்துச் செல்கிறார். திரும்பி வரும்போது மறந்துபோய் எட்டு என்று கேட்கிறார். நாம் "ஆம்" என்று எட்டை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். இதனைக் களவின்கீழ் வையாது பொய்யின்கீழ் வைத்த நுட்பத்தை நான் பல ஆண்டுகள் உணரவில்லை. இங்கே ஒருவன் பொய்ச்சொல் எதையும் தானாகப் புனையவில்லை. பிறர் தன்மீது வைத்த நம்பிக்கையின் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஒரு கட்சி தன் வாசலைத் திறந்து வைத்து, "வந்து தெரிவு செய்யுங்கள்" என்று கூறுவதும் அத்தகைய வைப்புப் பொருளே என்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாசலில் நுழைவோர் இரு வகையினர். 2014-ல் மிசிசிப்பி மாநிலத்தில் மூத்த செனட்டர் தாட் காக்ரன், முதனிலைத் தேர்தலின் முதற்சுற்றில் தம் கட்சிக்காரரிடமே சற்றுப் பின்தங்கினார். ஜூன் 24 அன்று நடந்த மறுசுற்றுக்கு, வழக்கமாக எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கும் கறுப்பின மக்களை அவர் நாடினார். அவர்களுள் பலர் வந்து வாக்களிக்க, வென்றார். தம்மை ஆளப்போகிறவருள் தமக்கு உகந்தவர் இவர் என்று கருதி அவர்கள் வந்தனர். தோற்றவரின் ஆதரவாளர்கள் இதனை வஞ்சகம் என்றனர். நான் அப்படி எண்ணவில்லை. எவர் வென்றாலும் அவருடைய ஆட்சி என் வாசலிலும் வந்து நிற்குமன்றோ? அம்மாநிலச் சட்டமோ, பொதுத்தேர்தலிலும் அதே வேட்பாளரை ஆதரிக்கும் எண்ணம் உடையவரே முதனிலையில் வாக்களிக்கலாம் என்கிறது. எண்ணத்தை எந்த அதிகாரி அளந்து பார்ப்பார்?

மற்றொரு வகையும் உண்டு. 2008-ல் ரஷ் லிம்பா என்னும் வானொலிப் பேச்சாளர், ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளிண்டனுக்கும் இடையிலான போட்டி நீள வேண்டும் என்பதற்காகவே, தம் கட்சி நேயர்களை எதிர்க்கட்சியின் முதனிலையில் ஹிலாரிக்கு வாக்களிக்கத் தூண்டினார். இது மாயாசாரம். நான்கு கஷாயங்களுள் மாயையை அடையாளம் காண்பது கடினம் என்பர். குரோதம் முகத்தில் தெரியும், இது தெரிவதில்லை.

வாக்கு நாடும் வேட்பாளருக்கு நான் கேட்கும் சோதனை ஒன்றே. இவ்வீட்டுத் திண்ணையில் சொன்னதை அவ்வீட்டுத் திண்ணையிலும் அவரால் சொல்ல முடியுமா? அநேகாந்தத்தை இதற்குத் துணையாக இழுப்போரை நம் கூட்டங்களிலேயே கண்டிருக்கிறேன். ஒரு பொருளின் பல பக்கங்களைக் காண்பது அநேகாந்தம்; ஆளுக்கொரு முகம் காட்டுவதற்கு அப்பெயர் பொருந்தாது.

இனி, நான் மருமகளுக்கு உடனே விடை கூறாத காரணம். பணியில் இருந்த காலத்தில் ஓர் ஆசிரியர் சங்கத் தேர்தல் வந்தது. எதிரணியினர் தம் வேட்பாளரைத் தெரிவு செய்யக் கூட்டம் கூட்டி, விரும்பும் ஆசிரியர் எவரும் வரலாம் என அறிவித்தனர். நாங்கள் எட்டுப் பேர் சென்றோம். அங்கே போட்டி இருவரிடையே. ஒருவர், பெண் ஆசிரியர்களின் இடமாறுதலுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஓர் அம்மையார். மற்றவர் எங்களால் எளிதில் வெல்லக்கூடியவர். நாங்கள் எளியவருக்கே கை தூக்கினோம். அம்மையார் நான்கு கைகளில் தோற்றார். பின்னர் எங்கள் அணி வென்றது. இடமாறுதல் கோரிக்கையை எவரும் தொடவில்லை. கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறி வந்துகொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியை அடுத்த ஆண்டு வேலையையே விட்டார். அம்மையார் சில காலம் கழித்து எங்கள் பள்ளிக்கே மாற்றலாகி வந்து, என் பக்கத்து நாற்காலியில் நான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மருமகளிடம் மறுநாள் பேசினேன். "அந்த அம்மையாரே உண்மையில் தலைவராகிவிட்டால் உனக்குச் சம்மதமா? சம்மதமென்றால் போ, அவர்கள் வீட்டைக் கலைக்கவென்றால் போகாதே" என்றேன். அவள் எந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

தசலக்ஷண பர்வத்தின் மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவம். ஒவ்வோர் ஆண்டும் அன்று அந்த நாற்காலி நினைவுக்கு வரும். அம்மையார் இப்பொழுது மகனுடன் வெளியூரில் இருக்கிறார். முகவரியைச் சென்ற மாதம் கேட்டுப் பெற்றேன். கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். க்ஷமாவணிக்கு முன் அவர் கைக்குப் போய்ச் சேரும்.