பிழைத்தவர் யார்?

சத்திரசிகிச்சை வெற்றி, நோயாளி பிழைத்துவிட்டார் என்று கேட்கும்போது நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், பிழைத்தது உயிர் மட்டுமா, அம்மனிதரின் நினைவும் சொல்லும் செயலும் சேர்ந்தா என்ற வினா அவ்வறிவிப்புடன் தீர்ந்துவிடுவதில்லை. பெருநாடிச் சத்திரசிகிச்சையின் வரலாறு இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வில்லாக வளையும் இடத்திலேதான் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் கிளைக்கின்றன. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் பெறும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொன்றை நுகர்கின்றது. குருதி நின்றால் பத்து விநாடியளவில் உணர்வு மறையும். சில நிமிடங்களில் மீளாச் சேதம் தொடங்கும். வீங்கிய வில்லை வெட்டி மாற்றுவதற்கோ அதனினும் பன்மடங்கு நேரம் வேண்டும்.

இம்முரண்பாட்டை வெல்ல மனித அறிவு இடையறாது போராடியது. 1957 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கியும் அவர்தம் குழுவினரும், மூளைக்குத் தனியே குருதி செலுத்தியவாறு வில்லை மாற்றியதை அறிவித்தனர். 1975 இல் ரன்டல் கிரீப் குழுவினர், உடலை ஆழக் குளிர்வித்துக் குருதியோட்டத்தையே நிறுத்திவைத்து அதனைச் செய்தனர். குளிர்ந்த மூளையின் தேவை சிறிது. 18 பாகை செல்சியஸ் அளவில் அது ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும்.

இத்தனைக்குப் பின்னும் சிலர் பக்கவாதத்துடன் விழித்தனர். வேறு சிலர் சில நாள் மனக்குழப்பத்துற்றுத் தெளிந்தனர். அது ‘தற்காலிகக் கோளாறு’ எனப் பதியப்பட்டது. 1990களின் இறுதியில் நியூயோர்க் ஆய்வாளர் இத்தகையோரைச் சோதித்தபோது, நினைவாற்றற் குறை நீடித்திருக்கக் கண்டனர். அளக்கப்படாத இழப்பு, இழப்பே அன்றென எழுதப்பட்டிருந்தது!

மனம் உடலைச் சாராத தனிப்பொருள் என்போர் இவ்வுண்மைக்கு முகங்கொடுக்க வேண்டும். ஆனால் சிந்தனை குன்றியவர் மனிதத்தன்மையும் குன்றியவர் என முடிவுகட்டுவது அதனினும் பெருந்தவறு. அது மனிதனை அவன் விற்கும் உழைப்பால் மட்டும் மதிக்கும் சந்தையின் அளவுகோல்.

அவ்வாறாயின், இவ்வாபத்தை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? 2005 டிசெம்பர் 31 இல் அதே டிபேக்கியின் பெருநாடியே கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 97. சத்திரசிகிச்சை வேண்டாமென்ற அவரது விருப்பம் மருத்துவப் பதிவில் இருந்தது. 2006 பெப்ரவரியில் அவர் நினைவிழந்தபோது, மனைவியின் வற்புறுத்தலாலும் வைத்தியசாலை அறநெறிக் குழுவின் இசைவாலும் சிகிச்சை நடந்தது. அவர் தெளிந்த சிந்தனையுடன் மீண்டார். பின்னர் அம்முடிவை வரவேற்றார். 2008 இல் 99 வயதில் மறைந்தார்.

நல்விளைவு அச்செயலின் நியாயத்தை நிறுவிவிட்டது என்பர் சிலர். அது பொருந்தாது. அவர் பேச்சிழந்து எழுந்திருந்தால், அதே முடிவை அத்துமீறல் என்றிருப்போம். முடிவெடுத்த கணத்தில் எவரும் விளைவை அறியார். ஆகவே அறத்தை விளைவின் பின்னே தேடாமல், முடிவெடுக்கும் முறையிலேயே தேடவேண்டும். உயிராபத்தோடு மூளைக்கு நேரக்கூடிய ஆபத்தையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் முன்னரே கூறுதல் வைத்தியரின் கடன். நோயாளி சொன்ன சொல்லை மதித்தல் மற்றையோர் கடன்.

இன்னுமொரு கடன் சமுதாயத்தினுடையது. டிபேக்கியின் பராமரிப்பு எட்டு மாதம் வரை நீண்டது. செலவு பத்து இலட்சம் டொலருக்கு மேல். அதே நகரில் ஒரு தொழிலாளி கைசெயலிழந்து விழித்தால், வேலையோடு பிணைந்த காப்புறுதியும் அவனைக் கைவிடக்கூடும். அவன் அஞ்சுவது பக்கவாதத்துக்கு மட்டுமன்று. அதன் பின்வரும் வறுமைக்கும் பிறர்க்குச் சுமையாதலுக்குமே. அவ்வச்சத்தால் அவன் சிகிச்சையை மறுப்பானாயின், அதனைச் சுதந்திரமான தெரிவு என்று எவ்வாறு கூறுவது?

பிழைத்தவனைத் தாங்கும் ஏற்பாடு இருக்கும் இடத்திலேதான், பிழைப்பதா வேண்டாமா என்ற வினாவுக்கு மனிதன் அச்சமின்றி விடைகூற முடியும். அவ்வேற்பாட்டைச் சத்திரவைத்தியர் தனித்து அமைக்க முடியாது. அது நம் அனைவரதும் பணி.