தனித்துப்போனதே குற்றம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலின் நடுவே செயின்ட் கில்டா என்றொரு சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் பாறை, கடலிலிருந்து 196 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. ஏறக்குறைய 1840இல், பறவை பிடிக்கப் போன ஆண்கள் மூவர், பாறை விளிம்பில் தூங்கிக்கொண்டிருந்த பெரிய பறவை ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். மூன்று நாள் அது உயிரோடு இருந்தது. பிறகு புயல் வந்தது. புயலைக் கிளப்பியது இதுதான், இது சூனியக்காரி என்று முடிவுகட்டிக் கல்லால் அடித்தே கொன்றார்கள். அந்த மூவரில் ஒருவர் முதுமையில் இதைச் சொல்லிவைத்தார்.

அந்தப் பறவை கிரேட் ஆக். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, முக்கால் மீட்டர் உயரம், பறக்க உதவாத குட்டைச் சிறகுகள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. பிரிட்டனில் உயிரோடு பிடிபட்டதாக நாம் அறிந்தவற்றில் அதுவே கடைசி.

இந்தக் கதையை முதலில் படித்தபோது 'சூனியக்காரி' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பிடிபட்டது எதுவென்று அவர்கள் பிரித்தறிந்திருக்க முடியாது. இருந்தாலும் பயம் வந்ததும் கைக்குக் கிடைத்த பெயர் பெண்பாலில் இருந்தது. நம் மொழியிலும் சூனியக்காரன் உண்டு. அவனிடம் காசு கொடுத்துச் செய்வினை எடுக்கச் சொல்வார்கள். சூனியக்காரியைத்தான் அடிப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் அந்தப் பெயர் முன்பே பழக்கத்தில் இருந்தது. 1563 முதல் 1736 வரை சூனியத்துக்கு எதிரான சட்டம் அங்கே நடப்பில் இருந்தது. சுமார் 3,800 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைத்து ஒப்புதல் வாங்கினார்கள். சட்டம் போய் நூறு ஆண்டு கழித்தும் அந்தச் சொல் கொல்லும் வேலையைச் செய்தது. கொல்பவருக்குத் தான் கொல்வதாகத் தோன்றாமல், தன்னைக் காத்துக்கொள்வதாகத் தோன்றச் செய்வதுதான் அந்தச் சொல்லின் வேலை.

ஒரு பறவையைப் பெண்களோடு ஒப்பிடலாமா? எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. அந்தப் பெண்களுக்குப் பெயர் இருந்தது, வாய் இருந்தது, மறுத்துச் சொல்ல வார்த்தை இருந்தது. அவர்களை விலங்காகப் பார்த்ததே பாதி அநியாயம். நான் பார்ப்பது கொல்லப்பட்டவர்களை அல்ல, கொன்றவர்கள் யோசித்த விதத்தை.

1697இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் செயின்ட் கில்டாவுக்குப் போனபோது, அங்கிருந்தவர்களுக்கு இந்தப் பறவை பழக்கமானதுதான். மே மாதத் தொடக்கத்தில் வரும், ஜூன் நடுவில் போய்விடும், முட்டையை எடுத்துவிட்டால் அந்த ஆண்டு மறுபடி இடாது என்றெல்லாம் அவர் எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகு, அட்லாண்டிக்கின் மறுகரையில் ஃபங்க் தீவு போன்ற இடங்களில் கறிக்கும் எண்ணெய்க்கும் மெத்தையில் அடைக்கும் இறகுக்குமாக அதைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். கில்டாவிலும் அது அரிதாகிப்போனது. அரிதானதால் அந்நியமானது, அந்நியமானதால் பயமுறுத்தியது. ஒரு காலத்தில் நாள் கணக்கு வைத்து எதிர்பார்க்கப்பட்ட பறவை, சூனியக்காரி ஆனது.

எனக்கு உறுத்துவது இந்த வரிசைதான். முதலில் தனியாக்குகிறோம். பிறகு, ஏன் தனியாக இருக்கிறாய் என்று சந்தேகிக்கிறோம். சூனியக் குற்றச்சாட்டு எளிதில் ஒட்டியது கேட்க நாதியில்லாத பெண்கள்மேல். ஊர்தான் ஒதுக்கியது, ஒதுங்கி இருப்பதையே ஊர் சாட்சியாகவும் காட்டியது.

அரிதாகிப்போவதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1844 ஜூனில் ஐஸ்லாந்தின் எல்டே பாறையில், கூடிவாழ்ந்ததாக அறியப்பட்ட கடைசி இணையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அதற்குக் காரணம் பயமில்லை, விலை. பாடம் செய்து வைக்கும் சேகரிப்பாளர்களிடம், இனம் குறையக் குறைய விலை ஏறியது. அவற்றின் உள்ளுறுப்புகள் இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைகளில் இருக்கின்றன. ஒரு பாறையில் சூனியக்காரி, இன்னொரு பாறையில் பொக்கிஷம். அஞ்சியவர்களும் ஆசைப்பட்டவர்களும் அதை உயிரோடு விடவில்லை. பெண்களாகிய நமக்கு இந்த இரண்டு பார்வையும் தெரியும்.

அப்படியானால் யார் குற்றவாளி? புயலில் நடுங்கிய மூன்று பேரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 1869இல் கடற்பறவைகளைக் காக்க பிரிட்டன் சட்டம் இயற்றியபோது, பறவையை நம்பியே வாழ்ந்த செயின்ட் கில்டாவுக்கு விலக்கு அளித்தது. பசிக்கும் பணத்தாசைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சட்டம் உணர்ந்திருந்தது. ஆனால் அந்த மூவரும் கொன்றது பசிக்காக அல்லவே. அவர்களின் பயம் உண்மை. அந்தப் பயத்துக்கு வைத்த பெயர் பொய். பயந்ததற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குச் சொல்வேன்.

2022 மகளிர் தினத்தன்று, அன்றைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், சூனியத்தின் பேரால் தண்டிக்கப்பட்ட பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க அவர்கள் இல்லை. அவர்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த மன்னிப்புக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. கிரேட் ஆக்குக்கு அந்த இடமும் இல்லை. ஓர் இனம் முழுதாக அழியும்போது, பாதிக்கப்பட்டவரோடு மன்னிப்பைப் பெறக்கூடியவரும் சேர்ந்தே போய்விடுகிறார்.

மீதமிருப்பது நம் பழக்கத்தை மாற்றுவது மட்டும்தான். ஊர் ஒருத்தியை 'ஒரு மாதிரி' என்று சொல்லும்போது, அவள் என்ன செய்தாள் என்று கேட்பதற்கு முன், அவளோடு இருந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பாறையில், புயலுக்கு முந்தைய மூன்று நாளில், அதைக் கேட்க நேரம் இருந்தது.