இருட்டறையில் ஒரு சாட்சி

மயிலம் முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்ததும், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஸ்டூடியோவில் ஃபிலிம் ரோலைக் கொடுத்துவிட்டுப் பிரிண்டுக்குக் காத்திருந்த காலம் நினைவிருக்கிறதா?

எடுத்தவுடன் ஃபிலிமில் எதுவும் தெரியாது. ஆனால், ஒளி பட்ட தடம் அதிலுள்ள வெள்ளி உப்பில் பதிந்திருக்கும். இருட்டறையில் டெவலப்பரில் நனைத்தால் உருவம் வெளிப்படும். ஹைப்போவில் இட்டால் நிலைத்துவிடும். அந்த நெகட்டிவ் இருக்கும்வரை எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம்.

'யாரும் பார்க்கவில்லையே, செய்தால் என்ன?' என்று மனம் கேட்கிறதா? இதே பழைய தென்னாற்காடு மாவட்டத்து விருத்தாசலம் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சிலையைத் திருடியவர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். சிலை ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டது. ஆனால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974-ல் எடுத்து வைத்திருந்த படம் சாட்சி சொன்னது. 2014-ல் சுவாமி தாயகம் திரும்பினார்.

படம் எடுக்காத கோயில்களும் உண்டே என்பீர்கள். அங்கே பார்த்தவன் அவன்!

தீமை மட்டுமா பதிகிறது? படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு நீங்கள் ஓசையின்றிச் செய்யும் பணிவிடையும் பதிகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: டெவலப் செய்யுமுன் வெளிச்சத்தில் பிரித்த ஃபிலிம் பாழ். செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவதும் அப்படித்தான். பதிந்தது பதிந்தபடியே இருக்கட்டும். உரிய வேளையில் பிரிண்ட் போடுவது அவன் பொறுப்பு.