யார்கிட்ட சொல்றது?

புனித அகஸ்டின் 400-ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ஸில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாகத் துருவுகிறார். (திருடியதில் பெரும்பகுதி பன்றிகளுக்குத்தான் போனது.) பல வருடம் கூடவே வாழ்ந்து மகனையும் பெற்றுத் தந்தவளுக்குச் சில வரிகள்தான். வேறு பெண்ணை நிச்சயம் செய்ததால் மகனை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறாள். அங்கேயும் தன் நெஞ்சு ரத்தம் கசிந்ததைத்தான் சொல்கிறார். பெயரை மறைத்தது அவளைக் காப்பாற்றத்தான் என்பார்கள், இருக்கலாம். ஆனால் அத்தனை பக்கங்களும் கடவுளிடம்தான் பேசுகின்றன; அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் சகேயு வரி வசூலிப்பவன். அவன் அழுததாக அதில் இல்லை. ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்கிறான். அப்படித் தரணும்னா, யார் யார்கிட்ட எவ்வளவு பிடுங்கினோம்னு உட்கார்ந்து கணக்குப் பார்க்கணும். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டணும்.