தலையணைக்குள் இருப்பது

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில், கும்மிடிப்பூண்டியை எட்டுமுன் வருகின்ற சிற்றூர் புதுவாயல். பெரியபாளையத்திற்குச் சாலை பிரிகின்ற இடம். அண்மையில் அவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. அவ்வீட்டு அம்மையார் பழைய சோபா ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ரெக்சினில் கிழியாத பகுதியைக் கத்தரித்து மடித்து வைத்திருந்தார். கோணித்துணி ஒருபுறம், கம்பிச்சுருள்கள் ஒருபுறம், சட்டத்து மரம் அடுப்புக்கு. ஸ்பாஞ்சை மட்டும் இரண்டு குவியலாக்கியிருந்தார். ஒன்று, அழுத்தினால் மீண்டும் எழும்புவது. மற்றது, விரல் பட்டாலே மஞ்சள் பொடியாக உதிர்வது. திண்டும் தலையணையும் தைக்கப் போவதாகச் சொன்னார்.

"இரண்டாவது குவியல் எதற்கம்மா?" என்றோம்.

"நல்லது வீட்டுக்கு, பாய். இது மதரஸாவில் ஓதுகிற பிள்ளைகளுக்கு. புதுத் துணியில் உறை போட்டுக் கொடுத்தால் நன்மைதானே?"

கேட்டவரிடம் கபடம் சிறிதுமில்லை. ஆயினும் அக்கேள்வி வழியெல்லாம் நம்மைத் தொடர்ந்தது.

பழையதைப் பிரித்துப் புதிதாக்குவதில் இழிவொன்றும் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் பொறித்த திரையொன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை விரும்பவில்லை. அத்துணி வீதியில் எறியப்படவில்லை, வெட்டித் திண்டுகளாக்கப்பட்டது, அத்திண்டுகளில் நாயகமவர்களே அமர்ந்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அன்னாரின் படுக்கையோ பேரீச்ச நார் திணித்த தோல். செத்துப்போன ஆட்டைக் கண்டபோதும், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாகாதா என்றுதான் கேட்டார்கள். வீண்விரயத்தை இவ்வளவு கண்டித்த மார்க்கத்தில், ஒட்டுப்போடும் ஊசிக்கு மதிப்பில்லாமற் போகுமா?

நம் சமுதாயத்திலேயே இதனைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தோர் உண்டு. ஆந்திரத்துத் தூதேகுலா மக்கள் பஞ்சடிப்போர். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலிலும் அவர்கள் பெயர் உள்ளது. 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் ஹல்லாஜின் பெயரில் உள்ள 'ஹல்லாஜ்' என்பதற்கே பஞ்சடிப்பவர் என்றுதான் பொருள். (அந்த ஞானியைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம், அவர் பெயரிலுள்ள வில்லை மறந்துவிடுகிறோம்.) பஞ்சடிப்பவர் தெருவுக்கு வந்தால், வீட்டார் கண்ணெதிரே மெத்தையின் வயிற்றைத் திறப்பார். கட்டிதட்டிய இலவம் பஞ்சு வில்லின் நாணில் பட்டுப் பறந்து மீண்டும் மென்மையாகும். உள்ளே இருப்பது இன்னதென்று அனைவரும் அறிவர்.

ஸ்பாஞ்சு அத்தகையதன்று. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவர் குழுவினரும் கண்ட பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளின் வகை அது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பு உருகி மறுபிறவி எடுப்பதுபோல இதனை உருக்கி வார்க்க இயலாது. நல்ல வெட்டுத்துண்டுகளானால் பொடியாக்கிப் பசையிட்டு அழுத்திப் பாளமாக்குவர். ஒளியும் காற்றும் ஈரமும் பட்டு உதிரத் தொடங்கியதற்கோ அந்த வழியும் இல்லை. அதற்குப் புதுத் துணியில் உறை போட்டால், வெளியிலிருந்து யார் கண்டுகொள்வார்? தலைவைத்துப் படுக்கும் பிள்ளை மட்டுமே அறியும். அதுவும் நான்கு நாள் கழிந்து, மூக்கில் தூசி ஏறிய பிறகு.

மதீனாவில் பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களுக்காக அன்சாரிகள் பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிடுவது வழக்கம். சிலர் மட்டமான குலைகளைத் தொங்கவிட்டனர். அதையொட்டியே, தமக்குக் கொடுக்கப்பட்டால் மனமுவந்து ஏற்கமாட்டாததைப் பிறருக்கு ஈயலாகாது என்ற பொருளில் அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அருளப்பட்டதாகத் திர்மிதி தொகுப்பு கூறும். மதரஸாப் பிள்ளைகள் அத்திண்ணைத் தோழர்களின் வாரிசுகளன்றோ?

ஒன்றுமில்லாதவனுக்கு மட்டமானதும் உதவிதானே என்று கேட்கப்படலாம். வெறுந்தரையில் தலைவைத்திருப்பவனுக்குப் பழைய தலையணை பேருதவியே. அதை மறுக்க நாம் துணியோம். ஆனால் இங்கே பழைமை பற்றிய வழக்கே இல்லை. இரண்டு குவியலும் ஒரே சோபாவிலிருந்து வந்தவை. இரண்டின் வயதும் ஒன்றே. பிரித்த கைதான் வேறுபாட்டை உண்டாக்கியது. திரைத்துணித் திண்டும் பழைய துணியால் ஆனதே. அதில் நாயகமவர்கள் தாமே அமர்ந்தார்கள். பெறுபவனிடம் சொல்லிக் கொடுக்க முடிகிறதா என்று பார்த்தாலும் போதும். "இது உதிரும், ஆனாலும் வைத்துக்கொள்" என்று சொல்ல நா எழவில்லையெனில், புது உறை எதை மறைக்கப் போடப்படுகிறது?

இதை எழுதும் நம் கையும் தூயதன்று. ரமலான் தோறும் அலமாரியைக் காலி செய்து, பொத்தான் அறுந்த சட்டைகளை மூட்டைகட்டி அனுப்பிவிட்டு, ஸதகா செய்த நிறைவோடு நோன்பு திறந்திருக்கிறோம். அம்மூட்டையை அவிழ்த்தவர் முகத்தை நாம் பார்த்ததில்லை.

அம்மையாரிடம் திண்ணைத் தோழர்களின் குலையைப் பற்றி மட்டும் சொன்னோம். சற்று நேரம் ஊசியில் நூல் கோப்பதிலேயே இருந்தார். பிறகு முதற்குவியலை இழுத்து, கையால் அளந்து, "வீட்டுக்கு நான்கு திண்டு நினைத்தேன், இரண்டு போதும்" என்றார்.

"இந்தப் பொடியை என்ன செய்வது, பாய்?"

அடுப்பிலிட்டால் நச்சுப்புகை, ஆரணியாற்றில் கொட்டினால் அதுவும் பாவம். மழை படாத இடத்தில் சாக்கில் கட்டி வைக்கச் சொன்னோம். இன்னும் அங்கேதான் இருக்கும்.