யாரு பாக்கப் போறா?

பழைய கார் பிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். இஞ்சின் மாத்தியாச்சு, ரேடியேட்டர் மாத்தியாச்சு, துருப்பிடித்த தரைத் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுசு வைத்துப் பற்றவைத்தாச்சு. இது இன்னும் அதே கார்தானா? தத்துவம் படித்த நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே தீசியஸின் கப்பலை இழுத்து வருவார். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழையதா, புதியதா என்று புளூட்டார்க் எழுதிவைத்த புதிர். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதை இன்னும் சிக்கலாக்கினார்: கழற்றிப் போட்ட பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்?

ஜேபிஜேயிடம் இதற்கு எளிய பதில் இருக்கிறது. சேஸிஸ் எண், இஞ்சின் எண். இஞ்சினை மாற்றினால் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைத் திருத்த வேண்டும். விஷயம் முடிந்தது.

புதிர் சுவாரசியமானதுதான். ஆனால் என் பெரியப்பாவின் மோரிஸ் மைனருக்குள் இஞ்சினைத் திரும்ப இறக்கும் வேலையில் சில வார இறுதிகள் கூட நின்றபோது, அங்கே எழுந்த அறக்கேள்வி வேறாக இருந்தது. செயின் பிளாக்கில் இஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் பசி. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: “போதும்லா, யாரு பாக்கப் போறா?”

அந்த வாக்கியம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மைனர் 1000இல் இருப்பது ஏ-சீரீஸ் இஞ்சின். 1956இல் 948 சிசியாக வந்தது, 1962இல் 1098 சிசி ஆனது. தண்ணீர் ஓடும் வழி எளிது. ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய தண்ணீரை வாட்டர் பம்ப் இழுத்து பிளாக்குக்குள் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குத் திரும்பும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்திலும் தண்ணீர் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு குட்டி ஹோஸ் உண்டு. பைபாஸ் ஹோஸ். பாதி விரல் நீளம்தான். விலை சில ரிங்கிட்.

இஞ்சின் வெளியே இருந்து, பம்பும் கழன்று கிடக்கும்போது அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். எல்லாம் பூட்டிய பிறகென்றால் தண்ணீரை வடித்து, ரேடியேட்டரை எடுத்து, விசிறி, பெல்ட், டைனமோ, அப்புறம் பம்ப். ஒரு சனிக்கிழமை போய்விடும். சுருக்கி நுழைக்கிற மடிப்பு ஹோஸும் உண்டு. ஆனால் விரல் போகாத இடத்தில் கிளிப்பை யார் இறுக்குவது?

பழைய ஹோஸ் பார்க்க நன்றாகவே இருக்கும். அழுத்தினால்தான் இறுகிப்போனது தெரியும். இன்றைக்கு ஒழுகாது. இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்கலாம். அது வெடிக்கும்போது கார் யார் கையில் இருக்கும், காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் எந்த வளைவில் ஆவி கிளம்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெடிக்கும் நாளில் பழியும் நம்மைத் தேடி வராது. அதனால்தான் அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் புத்தகத்தில் கைஜீஸின் மோதிரக் கதை வருகிறது. திருப்பினால் ஆள் மறைந்துவிடும் மோதிரம். பிடிபடவே மாட்டோம் என்றால் யார் நேர்மையாக இருப்பார் என்பது கேள்வி. பட்டறையில் ஆள் மறைவதில்லை, வேலை மறைகிறது. பானட்டை மூடினால் போதும். மென்பொருள், கட்டடம், குழாய் வேலை என்று நம்மில் பலர் செய்யும் தொழில்கள் எல்லாமே இந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு செய்பவைதான்.

வழக்கமான பதில்கள் இங்கே அரைகுறையாகத்தான் உதவுகின்றன. “நாளைக்கு நீதான் கஷ்டப்படுவே” என்பார்கள். காரை விற்றுவிட்டால்? “காசு வாங்கியாச்சு, ஒழுங்கா செய்யணும்” என்பார்கள். அப்படி ஒரு ஹோஸ் இருப்பதே தெரியாத வாடிக்கையாளர் அதற்கென்று எதுவும் கேட்கவில்லையே? “சாமி பாக்கும்” என்பது பலமான பதில். ஆனால் அதுவும் ‘யாரோ பார்க்கிறார்கள்’ என்பதையே நம்பி நிற்கிறது.

எனக்குக் கிடைத்த பதில், இஞ்சினைக் கழற்றியபோது கிடைத்தது. பிரிப்பதும் ஒரு வாசிப்புதான். முன்னால் வேலை செய்தவர்களின் கை அங்கங்கே தெரியும். பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் செம்மண் போலச் சேறு. குளிர்நாட்டுக்காரர்கள் தண்ணீர் உறையக்கூடாது என்று கூலண்ட் ஊற்றுவார்கள். இங்கே உறையாதே என்று வருடக்கணக்கில் வெறும் பைப் தண்ணி. உறைவதைத் தடுப்பது போலவே துருவைத் தடுப்பதும் கூலண்டின் வேலை. அதை யாரும் நினைக்கவில்லை. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலி. ஆனால் கீழ் ஹோஸின் கிளிப்பைப் பாருங்கள்: திருகின் தலை, ஸ்க்ரூடிரைவர் நேராகப் போகிற திசையில் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எப்படி வைத்தாலும் தண்ணீர் ஒழுகியிருக்காது. முகம் தெரியாத ஒருவர், பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக அரை நிமிடம் செலவழித்திருக்கிறார். அந்த ஒருவராக நான் இருந்தேன்.

கடமை இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டாச்சு. கொடுத்தவருக்குத் திருப்பித் தர வழியில்லை, அவர் யாரென்றே தெரியாது. அடுத்து பானட்டைத் திறப்பவருக்குத்தான் தர முடியும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ‘சூடான ஊரு, இது எதுக்கு?’ என்று நல்லெண்ணத்தில் எடுத்திருப்பார். சீக்கிரம் சூடேறாத இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் எண்ணெயில் கலக்கும், தேய்மானம் கூடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமல் செய்வது வேறு. தெரிந்துகொண்டே ‘யாரு பாக்கப் போறா’ என்பது வேறு.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. வார இறுதியில் ஆசைக்காகக் கை அழுக்காக்கும் சம்பளக்கார இஞ்சினியருக்கு இதெல்லாம் பேசுவது சுலபம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும் என்று நிற்கும் பட்டறைப் பையனிடம் போய் எதிர்கால மனிதனுக்கான கடமையைச் சொல்ல முடியுமா? அவன் மனசாட்சிக்கான கூலியை யார் தருவது?

இதை நான் லேசாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. “என்னா பாஸ், இவ்ளோ விலை சொல்றீங்க?” என்று ஐம்பது ரிங்கிட்டைக் குறைக்க வைக்கும்போது, அந்த ஐம்பது ரிங்கிட் எங்கிருந்து குறைகிறது என்று நாம் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பெயின்ட்டிலிருந்து அது குறையாது. தெரியாத ஹோஸிலிருந்து குறையும். அந்த வாக்கியத்தைப் பையன் சத்தமாகச் சொல்கிறான். பேரம் பேசிய நாம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் சொல்லிவிட்டோம்.

இதைப் பூரணத்துவ வெறி என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. காட்சிப் போட்டிக்காக அடித்தகட்டின் போல்ட்டைக்கூடப் பளபளக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நடுவர் பார்ப்பதற்காகச் செய்வது. நான் சொல்வது திறப்பவருக்காகச் செய்வது. மறுபடி கழற்ற வேண்டிய போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ். கூலண்ட் ஊற்றிய தேதியை எழுதிக் கட்டிய ஒரு அட்டை. அசல் இல்லாத பாகம் போட்டால் ‘இது அசல் இல்லை’ என்று ஒரு வரி.

தீசியஸின் கப்பலுக்கு வருவோம். அந்தப் புதிரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தகவலை விட்டுவிடுவார்கள். அந்தக் கப்பல் சும்மா நிறுத்தி வைத்திருந்த காட்சிப்பொருள் இல்லை. ஏதென்ஸ்காரர்கள் வருடந்தோறும் அதை டீலோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அது போய்த் திரும்பும்வரை நகரத்தில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது. கி.மு. 399இல் சாக்ரடீஸ் தீர்ப்புக்குப் பிறகும் சிறையில் சில நாள் உயிரோடு இருந்தது அந்தக் கப்பல் இன்னும் வந்து சேராததால்தான்; பிளேட்டோவின் ‘ஃபைடோ’ அதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த நாட்களில் நண்பர்கள் தினமும் சிறைக்குப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பலகை மாற்றிய தச்சர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அதே கப்பலா என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே, யாரும் பார்க்காத பலகை தண்ணீர் விடாமல் இருக்கிறதா என்பதே அவர்களுடைய கவலையாக இருந்திருக்கும்.