ஆற்றில் போட்டது

மார்கழி முடியப் போகிறது. தெருவில் பாதி வீட்டுச் சுவர்களில் ஏணி சாய்ந்திருக்கிறது. பரணில் கிடந்ததெல்லாம் கூடத்துக்கு இறங்கிவிட்டது: பிடி உடைந்த தோசைக்கல், வாய் சில்லு போன ஊறுகாய் ஜாடி, எதற்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத வயர்கள், கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார்கள். எங்கே என்று ஒருவரும் சொல்வதில்லை.

*

விருத்தாசலத்துக்கு இந்த 'எங்கே' புதிதல்ல. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊர் இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை நாயன்மார் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். போடும்போதே மச்சம், அதாவது உரைத்துப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. பாடிய பிறகே சரியாயிற்று.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதை அசட்டுத்தனத்துக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கோ அது குப்பையின் கதையாகவே படுகிறது. போட்டது காணாமல் போவதில்லை. வேறோர் ஊரில், மாற்றுக் குறைந்து, வெளிப்படுகிறது. இங்கே மணிமுத்தாற்றில் விழும் பை வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடலாம். அங்கே அதை எடுத்துப் பாட ஒரு சுந்தரர் இல்லை.

*

ஆறு வேண்டாம் என்றால் நெருப்பு. போகிக்குப் பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்தில் மிஞ்சியது சாம்பல். அது எருக்குழிக்குப் போனது. டயரும் பிவிசி குழாயும் எரியும்போது கந்தகப் புகை, அமில ஆவி, டையாக்சின் என்று வேறு பட்டியல். 2018 போகியன்று சென்னையில் பனியோடு புகை கலந்து கவிந்ததில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அவரவர் வாசலில் எரித்தது அவ்வளவு உயரம் போயிருந்தது.

*

நம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஒன்று கோணிப் போனால் கவலையில்லை. தண்ணீரில் போட்டால் கரைந்து பழையபடி குழம்பாகும். அடுத்த பொம்மைக்கு உதவும். சூளைக்குள் போய்விட்டால் அந்த வழி அடைபடுகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் படிகத்துக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறிவிடும். அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மண்ணாவதில்லை. கீழடியில் பானை ஓடுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்து நமக்குக் கிடைத்ததும் இதனால்தான்.

சுட்டு உடைந்ததற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தூளாக அரைத்து, சூளைக்கான தீச்செங்கல் கலவையில் சேர்க்கலாம். செங்கல் சுருங்கி வெடிக்காமல் அது காக்கும். பொருள் திரும்புகிறது, ஆனால் பொம்மையாக அல்ல. மறுசுழற்சி என்று நாம் நம்பிக்கையோடு சொல்வதன் எல்லை இது. பச்சையாக இருக்கும்போது மனம் மாறுவது எளிது. சுட்ட பிறகு கடினம். வீட்டுப் பொருளுக்குக் கடையில் காசு கொடுக்கும் நேரமே சூளை.

*

பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றுகிறார்கள். அகற்றும் மண்ணோடு வெண்களிமண்ணும் வருகிறது. சுரங்கத்துக்கு அது வழியில் நிற்கும் பாரம். நம் ஊர்ப் பட்டறைகளுக்கோ அதுதான் முதல். அகல்விளக்கும் ஜாடியும் பியூஸ் கட்டையும் அந்தப் பாரத்திலிருந்து பிறந்தவை. வேண்டாதது என்பது பொருளின் குணமல்ல, அது நிற்கும் இடம். பரணைக் காலி செய்கிறவர் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

*

துடைக்க எதைக் கொண்டு வருகிறோம் என்பதும் உண்டு. பித்தளைக்குப் புளி போதும். அதன் அமிலம் களிம்பைக் கரைக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு: காற்றின் கரியமில வாயுவை வாங்கி மெல்லக் கல்லாக இறுகும், காரத்தன்மையால் பூஞ்சையையும் அண்டவிடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளுக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சையே அடைக்கும். பளபளப்பு வேறு, சுத்தம் வேறு.

*

கூடத்துக் குவியலை இன்று பிரித்தாயிற்று. தோசைக்கல் பழைய இரும்புக் கடைக்கு. நல்ல துணிகள் உடுத்துவோருக்கு, கிழிந்தவை கரித்துணிக்கு. வயர்களும் செத்த பேட்டரிகளும் மின்கழிவாகத் தனியே. அவை குப்பை வண்டியின் மக்கும் வாளிக்குள் போகக் கூடாது. சில்லு போன ஜாடியில் இனி ஊறுகாய் வேண்டாம். அடியில் துளையிட முடிந்தால் கற்றாழை வைக்கலாம், இல்லாவிட்டால் தொட்டியின் அடியில் நீர் வடியச் சில்லுகளாகப் போடலாம். தாம்பூலப் பைகளில் துணிப்பைகள் மட்டும் கடைக்குப் போகும்போது எடுக்க ஆணியில் தொங்குகின்றன.

கடைசியில் ஒரு சிறு குவியல் மிஞ்சியது: உள்ளே வெள்ளி நிறத்தில் மின்னும் தின்பண்ட உறைகள், ஒட்டிப் பிரிக்க முடியாத பொம்மைகள், தெர்மாகோல். இரும்புக் கடைக்காரர் தொடமாட்டார், மண் தின்னாது, எரிக்கவும் கூடாது. அதை நகராட்சி வண்டியில் கொடுக்கும் முன் ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுந்தரர் கையில் வைத்துக்கொண்ட மச்சம் போல, அடுத்த ஆண்டு கடையில் நிற்கும்போது உரைத்துப் பார்க்க அதுதான் மாதிரி. போக இடமில்லாத பொருளுக்கு வீட்டில் வரவும் இடமில்லை.